புதுப்பிப்பு: இல்லாத குறளைச் சொன்ன ஏஐ-யோடு ஒரு மாதம்

போன மாதம் புலம்பியிருந்தேன்: மகளின் பேச்சுப்போட்டிக்கு ஏஐ-யிடம் குறள் கேட்டேன், எண்ணோடு ஒன்றைக் கொடுத்தது, அப்படி ஒரு குறளே கிடையாது. "இனி தொடவே மாட்டேன்" என்றும் எழுதினேன். சரி, தொட்டுவிட்டேன்.

மாறியது நான் கேட்கும் விதம்தான். அதன் நினைவை நம்பிக் குறள் கேட்பதில்லை. புத்தகத்தைப் பார்த்து 391ஆம் குறளை, 'கற்க கசடற' என்று நானே தட்டிக் கொடுத்து, "பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட உதாரணத்தோடு விளக்கு" என்கிறேன். அருமையாக வருகிறது. அதுவாக ஏதாவது குறள் சொன்னால் சீரை எண்ணுவேன்: முதல் அடியில் நான்கு, அடுத்ததில் மூன்று. பல போலிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மீதிக்குப் புத்தகம்.

அப்புறம், "நிச்சயமா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். கல்வி 40ஆம் அதிகாரம் என்று சரியாகத்தான் சொன்னது. சும்மா சந்தேகப்பட்டுப் பார்த்தேன். உடனே மன்னிப்புக் கேட்டு 41 என்றது! பூம்பூம் மாடு தோற்றுவிடும். இப்போதெல்லாம் புது உரையாடல் திறந்து, பழைய விடையைக் காட்டாமல் மறுபடி கேட்கிறேன்.

போட்டியில் மகளுக்கு இரண்டாம் பரிசு. கேட்டவர்களுக்கு நன்றி.