பாதிப் பேர் ஆபீஸில், பாதிப் பேர் ஆன்லைனில்: டீமுக்குள் நம்பிக்கை வர என்ன செய்வது?

கேள்வி

எட்டுப் பேர் டீம். நான்கு பேர் ஒரே ஆபீஸில், மீதி நான்கு பேர் மூன்று வெவ்வேறு நாடுகளில். பொதுமொழி ஆங்கிலம், ஆனால் இருவருக்குத்தான் அது தாய்மொழி. மீட்டிங்கில் எல்லோரும் "சரி" என்கிறார்கள். வேலை வேறு மாதிரி வந்து நிற்கிறது. சாட்டில் கேட்டால் ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. "அவங்களுக்கு அக்கறை இல்ல" என்று இங்கே பேச்சு. "எங்களுக்குத் தெரியாமலே எல்லாம் முடிவாகுது" என்று அங்கே. வாராவாரம் ஆன்லைன் விளையாட்டு வைத்தும் பலனில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1

விளையாட்டை விட்டுவிட்டு, பதில் வராத அந்த ஒரு நாளிலிருந்து ஆரம்பியுங்கள். அன்று அவருடைய நாட்டில் விடுமுறையாக இருக்கலாம். கேள்வி தனக்கில்லை என்று நினைத்திருக்கலாம். மேலாளரைக் கேட்காமல் பதில் சொல்லக்கூடாது என்று காத்திருக்கலாம். பக்கத்து மேசைக்காரர் என்றால் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தூரத்தில் இருப்பவர் என்றால் சூழ்நிலை கண்ணில் படாது, உடனே ஆளைக் குறை சொல்லிவிடுகிறோம். கேத்தரின் கிராம்டன் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, வெவ்வேறு இடங்களில் இருந்தபடி சேர்ந்து வேலை செய்த 13 குழுக்களைப் பற்றியது. மௌனத்துக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டது அங்கே பெரிய சிக்கலாக இருந்தது.

ஆகவே பதில் நேரத்தை எழுதி வையுங்கள். சாட் என்றால் அவரவர் வேலை நேரத்தில் 4 மணிக்குள், மெயில் என்றால் அடுத்த வேலை நாளுக்குள், அவசரம் என்றால் போன். முழுப் பதில் கையில் இல்லாவிட்டால் "பார்த்துவிட்டேன், வியாழன் சொல்கிறேன்" போதும். ஆனால் அந்த வியாழன் தவறவே கூடாது; நம்பிக்கை இந்த மாதிரி சின்ன வாக்குகளில்தான் சேர்கிறது.

எல்லா நாட்டு விடுமுறைகளும் ஒரே காலண்டரில் இருக்கட்டும். தேதியை 03/04 என்று எழுதாதீர்கள். சிலருக்கு அது மார்ச் 4, சிலருக்கு ஏப்ரல் 3. இன்னொன்றும் உண்டு: கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதை அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு செய்கிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் ஒரு பக்கத்துக்கு மீட்டிங் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். அதில் தவறவிட்டவருக்கு 'பொறுப்பில்லாதவர்' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பதில் 2

அந்த "சரி"யைப் பற்றிச் சொல்கிறேன். "புரிந்ததா?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள். நான்கு பேர் முன்னால் மூத்தவர் ஒருவர் கேட்கும்போது "இல்லை" என்பது பலருக்கு மரியாதைக் குறைவு. அவர்கள் சொல்லும் "சரி"க்கு 'கேட்டுக்கொண்டேன்' என்றுதான் பொருள். "முதல் இரண்டு நாளில் எதைத் தொடுவீர்கள்? எங்கே தடங்கல் வரும்?" என்று கேளுங்கள். இதற்கு "சரி" என்று பதில் சொல்ல முடியாது.

பேச வேண்டியதை ஒரே பக்கத்தில் முந்தின நாளே அனுப்புங்கள். மீட்டிங்கின் முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் படித்து, சந்தேகத்தையும் மறுப்பையும் அந்தப் பக்கத்திலேயே எழுதட்டும். ஆங்கிலத்தில் வேகமாகப் பேச வராதவர்கள் எழுத்தில் கூர்மையாக இருப்பார்கள். தலைவர் கடைசியில்தான் பேச வேண்டும். முதலில் பேசினால் மறுப்புகள் அதோடு அடங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. "அந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான்" என்று பட்டியல் போடாதீர்கள். குறையைத் தனியாகச் சொல்வதா, எல்லோர் முன்னிலும் சொல்லலாமா என்று ஒவ்வொருவரிடமும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்

நன்றி. ஆபீஸ்காரர்கள் நால்வரும் ஒரே அறையில், ஒரே கேமரா முன்னால் உட்கார்கிறார்கள். அதையும் மாற்ற வேண்டுமா?

பதில் 3

கட்டாயம். அந்தக் கேமராவில் தூரத்தில் இருப்பவருக்குத் தெரிவது நான்கு சின்னத் தலைகள்தான். அறைக்குள் நடக்கும் கிசுகிசுப்பு எதுவும் கேட்காது. ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு கேமரா. அறையில் ஒரே ஒரு மைக்கும் ஒரே ஒரு ஸ்பீக்கரும் மட்டும் ஓடட்டும். மற்ற லேப்டாப்களில் மைக்கை மட்டும் அணைத்தால் போதாது, ஸ்பீக்கரையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் எதிரொலி காதைப் பிளக்கும். ஒருவர் பேசி முடித்ததும் ஐந்து விநாடி பொறுங்கள். ஒலி வந்து சேரவும், மனதுக்குள் மொழிபெயர்க்கவும் அந்த இடைவெளி வேண்டும்.

அதைவிட முக்கியம், மீட்டிங் முடிந்த பிறகு வராந்தாவில் நடக்கும் பேச்சு. "தெரியாமலே முடிவாகுது" என்ற குறை பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. எழுதிப் போடாத எதுவும் முடிவல்ல என்று வையுங்கள்: என்ன, ஏன், யார், எந்தத் தேதிக்குள். மறுப்புச் சொல்ல எல்லோருக்கும் ஒரு முழு வேலை நாள் கிடைத்த பிறகே அது உறுதியாகும். மீட்டிங் நேரத்தையும் மாதாமாதம் சுழற்றுங்கள். எப்போதும் ஒரே ஆள் இரவு பதினோரு மணிக்கு உட்காரக் கூடாது.

பதில் 2

மாற்றம் வந்ததா என்று பார்க்க ஒன்றை மட்டும் எண்ணுங்கள்: "இது நேரத்துக்கு முடியாது" என்ற செய்தி டெட்லைனுக்கு முன்பே எத்தனை முறை வந்தது? முதல் ஆள் அப்படிச் சொல்லும்போது மற்ற ஏழு பேரும் உங்கள் பதிலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சு, எதைத் தள்ளி வைக்கலாம்?" என்று அதே சாட்டில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள்.