‘பிரெய்சிங்’ என்பதற்குப் ‘புழுக்குதல்’: கொரியக் கோழி உணவு ஒன்றை முன்வைத்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நம் சமையற்கலைச் சொற்பட்டியலில், மூடிய பாத்திரத்தில் சிறிதளவு சாற்றில் மெதுவாக வேகவைக்கும் முறையான ‘பிரெய்சிங்’ (braising) என்பதற்கு இதுவரை ‘நீராவியில் அவித்தல்’, ‘தம்மிடல்’, ‘சுண்டவேக்காடு’ ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. அகராதிப் பொருளை மட்டும் வைத்து இவற்றை எடைபோட்டால் விவாதம் முடிவுக்கு வராது. அடுப்பில் என்ன நடக்கிறது என்பதோடு ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்றதாக, வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய கொரிய இரவுணவான ஆண்டோங் ஜிம்டாக்கை எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்டோங், தென்கொரியாவின் வட கியோங்சாங் மாகாணத்திலுள்ள நகரம். அங்குள்ள பழைய சந்தையின் கோழிக்கடைச் சந்தில் 1980களில் உருப்பெற்ற இவ்வுணவு, பின்னர் நாடெங்கும் பரவியது. ‘டாக்’ என்றால் கோழி. ‘ஜிம்’ என்பதற்குச் சில சமையற்குறிப்புகளில் ‘நீராவியில் வேகவைத்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அதை நம்பி இட்லிப் பானையில் கோழியை வைப்பவருக்கு ஜிம்டாக் கிடைக்காது. கொரிய மொழியில் அச்சொல் முட்டையை ஆவியில் வேகவைக்கும் கியேரன்ஜிம்முக்கும், மாட்டு விலாவெலும்பைச் சோயா சாஸில் மூடி வேகவைக்கும் கல்பிஜிம்முக்கும் பொதுவானது. ஜிம்டாக் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

எலும்போடு துண்டாக்கிய ஒரு கிலோ கோழியை முதலில் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, கசடு நீங்க அலசிக்கொள்ள வேண்டும். பிறகு அகன்ற சட்டியில் இரண்டு கோப்பை நீர், அரைக் கோப்பை சோயா சாஸ், நாட்டுச் சர்க்கரை, நசுக்கிய பூண்டு, இஞ்சி, கிள்ளிய காய்ந்த மிளகாய் ஆகியவற்றோடு கோழியைச் சேர்த்து மூடி, ஏறத்தாழ இருபது நிமிடம் வேகவிட வேண்டும். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் இடையில் போடலாம். சாறு துண்டுகளை முழுக மூடுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். துண்டின் கீழ்ப்பகுதி சாற்றிலும், மேற்பகுதி மூடிக்குள் சிக்கிய ஆவியிலும் வேகின்றன. தோலிலும் மூட்டுகளிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் பசைத்தன்மையுள்ள ஜெலட்டினாக மாறிச் சாற்றில் இறங்குவதால்தான், ஆறும்போது அது விரலில் ஒட்டும் பதத்துக்கு வருகிறது.

அதன் பின்னரே மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி, டாங்மியோன் எனப்படும் சேமியாவைச் சேர்க்கிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தில் செய்யப்படும் இது முன்கூட்டியே அரைமணி நேரமாவது நீரில் ஊறியிருக்க வேண்டும். ஊறாமல் போட்டால் சட்டியிலுள்ள சாற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும் இழைகள் சில நிமிடங்களில் பழுப்பு நிறமேறிக் கண்ணாடிபோல் தெளியும்போது, வெங்காயத்தாளும் நல்லெண்ணெயும் சேர்த்து இறக்கிவிடலாம். (பட்டியலில் இதைக் ‘கிழங்குமாச் சேமியா’ என்று குறிக்கலாம், அதில் பெரிய சிக்கல் இல்லை.)

இனி மூன்று சொற்களுக்கு வருகிறேன். ‘நீராவியில் அவித்தல்’ சாற்றை விட்டுவிடுகிறது. ‘தம்மிடல்’ மூடிய பாத்திரத்தைச் சரியாகக் காட்டினாலும், தம் என்றதும் அரிசியும் இறைச்சியும் அடுக்கிய பிரியாணிச் சட்டியே நம் நினைவுக்கு வருகிறது. ‘சுண்டவேக்காடு’ நல்ல தமிழ். ஆனால் சுண்டுதல் இங்கே மூடி திறந்தபின் நிகழும் கடைசிக் கட்டம் மட்டுமே. முடிவில் நிகழ்வதை முழுச் செயலுக்கும் பெயராக்கினால், சமைப்பவர் தொடக்கத்திலேயே நீரை வற்றவிட்டுக் கோழியைக் காயவைத்துவிடுவார்.

என் பரிந்துரை ‘புழுக்குதல்’. நெல்லைப் புழுக்குவதில் நாம் இன்றும் ஆளும் சொல் இது: குறைந்த நீர், மூடிய கலம், உள்ளே அடைபட்ட வெப்பமும் ஈரமும். வெளியேற வழியின்றி ஈரத்தோடு தேங்கும் வெப்பத்தைத்தான் கோடையிலும் புழுக்கம் என்கிறோம். இறைச்சிக்கும் இச்சொல் புதிதன்று. பொருநராற்றுப்படை ‘துருவையம் புழுக்கு’ என்று வெந்த ஆட்டிறைச்சியைக் குறிக்கிறது. இலக்கண வசதியும் உண்டு. தன்வினையில் கோழி புழுங்கும். பிறவினையில் நாம் அதைப் புழுக்குவோம். உணவு கோழிப் புழுக்கு. சாறு புழுக்குச் சாறு. ஆவியில் வேவதையும் சாற்றில் வேவதையும் ஒருசேரத் தழுவும் கொரிய ‘ஜிம்’முக்கும் இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தோன்றவில்லை. புழுங்கலரிசியோடு குழப்பம் வரும் என்ற ஐயம் எழலாம். ஆனால் அரிசியும் கோழியும் ஒரே சொற்றொடரில் மயங்குமளவுக்கு நெருங்கி வருவது அரிது.

செய்முறையைத் தவறாகக் காட்டும் சொல்லால் வரும் தொல்லையைக் கொரியர்களே பார்த்திருக்கிறார்கள். காரமான கோழிக் குழம்பான டாக்டோரிடாங்கில் உள்ள ‘டோரி’, பறவையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் என்று கருதிய தேசிய கொரிய மொழி நிறுவனம், அதற்குப் பதிலாக ‘டாக்பொக்கும்டாங்’ என்ற பெயரைப் பரிந்துரைத்தது. ‘பொக்கும்’ என்பது வதக்குவது. இதுவோ நீரூற்றிக் கொதிக்கவைக்கும் உணவு. அந்த முரணைச் சுட்டுவோரும், ‘டோரி’ கொரியச் சொல்லே என்று வாதிடுவோரும் இன்றளவும் உள்ளனர். பழைய பெயரும் வழக்கில் நீடிக்கிறது.

ஆகவே பட்டியலில் பின்வருமாறு சேர்க்க வேண்டுகிறேன்: ‘புழுக்குதல் – உணவுப்பொருளை, அது முழுகாத அளவு சாற்றில் இட்டு, பாத்திரத்தை மூடி மெதுவாக வேகவைத்தல், தேவையெனில் இறுதியில் மூடியைத் திறந்து சாற்றைச் சுண்டவைத்தல்.’ ‘சுண்டவேக்காடு’ வீணாக வேண்டியதில்லை. உருளைக்கிழங்கையோ டோஃபுவையோ சோயா சாஸில் கொதிக்கவிட்டு, சாறு பொருளோடு ஒட்டும்வரை வற்றவைக்கும் ‘ஜொரிம்’ என்ற மற்றொரு கொரியச் சமையல்முறைக்கு அது மிகப் பொருந்தும். ‘சுண்டவேக்காடு’ என்பதை முன்மொழிந்த ஐயா, இப்பங்கீட்டுக்கு உடன்படுகிறாரா எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.