சோறும் சுகரும்: பின்தொடர்ந்து பார்த்த ஆய்வா, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வா?

அரசலாறு:
கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்க ஊர். அப்பாவுக்கு 61 வயசு. போன மாசம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சுகர் எல்லைக்கோட்டில் நிக்குதுன்னு ரிப்போர்ட். அன்னையிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. சித்தப்பா போட்டது 2020-ல் வந்த 'ப்யூர்' ஆய்வு: 21 நாடுகள், 1,32,373 பேர், சராசரியா ஒன்பதரை வருஷம் பின்தொடர்ந்திருக்காங்க. நாளைக்கு 450 கிராமோ அதுக்கு மேலேயோ வெள்ளைச் சோறு சாப்பிட்டவங்களுக்கு, 150 கிராமுக்குள் சாப்பிட்டவங்களைவிட சுகர் வரும் அபாயம் 20 சதவீதம் கூட. தெற்காசியாவில் மட்டும் பார்த்தா 61 சதவீதம் கூட. மச்சான் போட்டது 2019-ல் வந்த சென்னை ட்ரையல்: எடை கூடின 166 பேருக்கு மூணு மாசம் வெள்ளை அரிசி, மூணு மாசம் தவிடு நீக்காத அரிசி. யாருக்கு எது முதல்ல என்பது குலுக்கல். மொத்தமாப் பார்த்தா சுகர் அளவில் சொல்லிக்கிற வித்தியாசம் இல்லை. முதலாவது ஆட்களைப் பின்தொடர்ந்து பார்க்கிற கோஹார்ட் ஆய்வாம், ரெண்டாவது குலுக்கிப் பிரிக்கிற ரேண்டம் ட்ரையலாம், ட்ரையல்தான் உசத்தியாம். அப்பா மூணு வேளையும் சோறு. எதை வச்சு அவர்கிட்டப் பேசுறது?

வெண்ணாறு:
உங்க மச்சான் பக்கம்தான் நான். நீடாமங்கலத்துல மருந்துக்கடை வச்சிருக்கேன். பின்தொடர்ந்து பார்த்த ஆய்வை நம்பி மோசம் போன கதை பெரிசு. அமெரிக்காவில் 1976-ல் 1,21,700 நர்ஸுகளை வச்சு ஒரு கோஹார்ட் தொடங்கினாங்க. மாதவிடாய் நின்ன பிறகு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு மாரடைப்பு குறைவுன்னு அதில் தெரிஞ்சது. டாக்டர்கள் லட்சக்கணக்கான பெண்களுக்கு எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரிச்சு, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரைன்னு கொடுத்தாங்க. 2002-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. நிஜ மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் எல்லாமே கூடுதல். காரணம் என்ன? தானா மாத்திரை கேட்டு வாங்கினவங்க பொதுவா வசதியானவங்க, உடம்பைப் பார்த்துக்கிறவங்க. அவங்களோட ஆரோக்கியம் மாத்திரை கணக்கில் ஏறிடுச்சு. குலுக்கல் இல்லாத இடத்தில் இது நடந்தே தீரும்.

குடமுருட்டி:
தம்பி, கதையில் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். அந்த நர்ஸுகளில் பெரும்பாலானோர் மாதவிடாய் நின்ற சமயத்திலேயே மாத்திரையைத் தொடங்கியவர்கள். ட்ரையலில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. பின்னால் அதே நர்ஸுகளின் தரவை எடுத்து, ட்ரையலில் செய்வதுபோல மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது முரண்பாடு பெருமளவு குறைந்தது.

சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிகரெட் புற்றுநோய் தரும் என்று எந்தக் குலுக்கலில் கண்டுபிடித்தார்கள்? பாதிப் பேரை முப்பது வருஷம் புகைக்கச் சொல்ல முடியுமா? 1951-ல் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டிஷ் டாக்டர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள், சுமார் 40,000 பேர் பதில் போட்டார்கள். யார் எதில் இறந்தார்கள் என்று ஐம்பது வருஷம் பார்த்தார்கள். இதே ஹில்தான் 1948-ல் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ட்ரையலை வடிவமைத்தவர். 107 காசநோயாளிகள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தது 4 பேர், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். இரண்டு கருவியையும் கையாண்ட மனிதர், எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்று பார்த்துத்தான் எடுத்தார்.

அரசலாறு அவர்களே, உங்கள் வீட்டுச் சண்டையிலும் இதுதான் சிக்கல். ப்யூர் கேட்டது, நிறையச் சோறு சாப்பிடுகிறவர்களுக்குப் பல வருஷத்தில் சுகர் வருகிறதா என்று. சென்னை ட்ரையல் கேட்டது, வெள்ளைக்குப் பதில் தவிட்டரிசி போட்டால் மூன்று மாதத்தில் ரத்த அளவு மாறுமா என்று. அதில் யாரும் சோற்றின் அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒன்றை வைத்து மற்றதைப் பொய் என்று சொல்ல வழியில்லை.

கோரையாறு:
திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம் பண்றவன், ஒண்ணு கேக்குறேன். எங்க ஊருல அதிகமா சோறு தின்னது யாரு? நடவுக்கும் அறுப்புக்கும் வந்த ஆளுங்க. விடியக்காலம் நீராகாரம், பத்து மணிக்கு பழைய சோறு, மத்தியானம் ஒரு தூக்கு. அவங்களுக்கு சுகர் வந்து நான் பாத்ததில்ல. திண்ணையில உக்காந்து கொஞ்சமா தின்ன மிராசுக்கு வந்துச்சு. இப்ப நடவு மெஷின், அறுவடை மெஷின் வந்தாச்சு. தலைக்கட்டு தூக்கி வரப்புல ஓடின ஆளு ரேஷன் அரிசியை அதே அளவுக்குத்தான் தின்றாரு, வேலை மட்டும் இல்ல. இப்ப அவங்க தெருவுலயும் சுகர் மாத்திரை. இதை எந்த ஆய்வு பிடிக்கும்?

குடமுருட்டி:
அண்ணே, இந்தத் திரியிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையதுதான். அதிகம் சாப்பிட்டவரே அதிகம் உழைத்தவராகவும் இருந்தால், சோற்றின் கெடுதலை உழைப்பு மறைத்துவிடும். வெண்ணாறு சொன்ன நர்ஸுகள் கதையில் இல்லாத நன்மை தெரிந்தது. இங்கே இருக்கிற கெடுதலே தெரியாமல் போகலாம். இப்படி வேறொரு காரணம் குறுக்கே வந்து கணக்கைக் குழப்புவதைக் கன்ஃபவுண்டிங் என்பார்கள், அது இரண்டு பக்கமும் இழுக்கும். நல்ல கோஹார்ட்டில் உழைப்பு, வயது, எடை, படிப்பு எல்லாவற்றையும் கேட்டுப் பதிந்து, அவற்றுக்கு ஈடுசெய்து கணக்கிடுவார்கள். ப்யூரிலும் அப்படித்தான். கேட்டுப் பதியாததற்கு ஈடுசெய்ய முடியாது என்பது உண்மைதான்.

கேட்டுப் பதிவதும் லேசுப்பட்ட வேலையில்லை. வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கப் போவேன். 'எத்தனை கரண்டி சோறும்மா?' என்று கேட்டால் வீட்டுக்காரருக்கு உடனே சொல்லுவார்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுவார்கள். 'உங்களுக்கு?' என்றால் சிரிப்பு. கடைசியாகச் சட்டியில் மிச்சம் இருப்பதைத்தான் சாப்பிடுகிறார், அதற்கு அளவு எது? படிவத்தில் ஒரு எண் போட்டாக வேண்டும், போடுவோம். அடுத்த சுற்றுக்குப் போனால் அதே வீடு பூட்டிக் கிடக்கும். ஒருவர் திருப்பூர், ஒருவர் சிங்கப்பூர். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு வேதாரண்யம் பக்கம் பிழைப்பைத் தேடிக் கிளம்பியவர்கள் எத்தனையோ பேர். போனவர்களுக்குச் சுகர் வந்ததா என்று தெரியாமல், இருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்குச் சாய்ந்துவிடும்.

வெண்ணாறு:
ஐயா, நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிட்டீங்க. அளவு சரியாத் தெரியாது, ஆள் பாதியில் காணாமப் போவார், பதியாத காரணம் பதியாமலே போகும். குலுக்கல் இதில் கடைசிச் சிக்கலை அடியோட தீர்க்குது. தெரிஞ்ச காரணம், தெரியாத காரணம் எல்லாமே ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாப் போய் விழும். வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், நம்ம மெட்ராஸையே எடுத்துக்குங்க. காசநோய்க்காரரை சானடோரியம்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்க வச்சு, சத்தான சாப்பாடு கொடுத்தால்தான் தேறுவார்னு உலகமே நம்பிச்சு. 1956-ல் அங்கே தொடங்கின காசநோய் மருத்துவ மையம் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரிச்சு, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை நெருக்கமான ஏழை வீடுகளுக்கேயும் அனுப்புச்சு, மாத்திரை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறினாங்க, கூட இருந்தவங்களுக்குத் தொற்றும் கூடலைன்னு பின்னால தெரிஞ்சது. குலுக்கல் இல்லாம யார் எங்கே போனாங்கன்னு வெறுமனே பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்? காசுள்ளவர் சானடோரியம் போயிருப்பார், தேறியிருப்பார், சானடோரியம் ஜெயிச்சிருக்கும்.

அரசலாறு:
அப்போ நம்ம டெல்டாவிலேயே சோற்றுக்கு ஒரு ட்ரையல் நடத்தினா என்ன?

வெண்ணாறு:
நடத்தலாம், நடத்தணும். ஆனா ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு அளவு, அம்மாவுக்கு ஒரு அரிசின்னு குலுக்க முடியாது. உலை ஒண்ணுதானே. வீடு வீடாவோ தெருத் தெருவாவோதான் பிரிக்கணும். அப்படிப் பிரிச்சா ஒரே தெருக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் ஒத்திருப்பாங்க, அதனால ஆள் எண்ணிக்கை நிறைய வேணும். திருச்சி மாவட்டத்தில் இதுமாதிரி பகுதி பகுதியாப் பிரிச்சு 15,419 குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ ட்ரையல் நடந்திருக்கு. வாரா வாரம் சிறு அளவு கொடுத்தாங்க. ஒரு வருஷத்தில் இறப்பு 54 சதவீதம் குறைஞ்சது, 1990-ல் வெளிவந்தது.

குடமுருட்டி:
அதே வைட்டமினை உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு: இறப்பில் 4 சதவீதம்தான் குறைவு, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்கிற அளவில். இரண்டுமே குலுக்கல்தான். எந்த ஊர், எவ்வளவு குறைபாடு உள்ள குழந்தைகள், எப்படிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் முடிவை மாற்றுகிறது. குலுக்கல் என்ற ஒரே சொல்லைக் கேட்டதும் தலையாட்டக் கூடாது.

வெண்ணாறு:
ஒத்துக்கிறேன், ஆனா அது ட்ரையலைக் கவனமாப் படிக்கச் சொல்ற காரணம், கோஹார்ட்டுக்கு இடம் கொடுக்கிற காரணம் இல்லை. அரசலாறு, உங்க அப்பா நிலைமைக்குக் கிட்டத்தில் இருக்கிற ட்ரையல் ஒண்ணு இருக்கு. எல்லைக்கோட்டில் நின்ன 531 பேரை வச்சு நடந்த இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வு, 2006. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவங்கள்ல மூணு வருஷத்தில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துடுச்சு. சாப்பாட்டையும் நடையையும் மாத்தினவங்கள்ல 39.3 சதவீதம்.

கோரையாறு:
அதுல சோறு எவ்வளவு, நடை எவ்வளவு?

வெண்ணாறு:
பிரிச்சுச் சொல்ல முடியாது அண்ணே. ரெண்டும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க.

குடமுருட்டி:
பிரித்துத் தெரிந்துகொள்ளத்தான் ப்யூர் போன்ற ஆய்வுகள் இன்றைக்கும் வேண்டியிருக்கின்றன.

அரசலாறு:
அப்பாகிட்டப் பேசிட்டேன். ராத்திரிச் சோத்தை நிறுத்திட்டு காலையில் ஆத்தங்கரை வரைக்கும் நடக்கச் சம்மதிச்சிருக்கார். மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் கொடுத்து, என்ன ஆச்சுன்னு இங்கே எழுதுறேன்.

வெண்ணாறு:
எழுதுங்க, சந்தோஷம். ஆனா அளவு குறைஞ்சா சோத்தை நிறுத்தினதாலன்னு எழுதாதீங்க. ஒரு தடவை கூடுதலா வந்த அளவு அடுத்த தடவை தானாவே கொஞ்சம் இறங்கும். எதுவும் மாத்தாம இருந்திருந்தா அவருக்கு எவ்வளவு வந்திருக்கும்னு நமக்குத் தெரியாது.

குடமுருட்டி:
இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை தம்பி. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையையே கேளுங்கள் அரசலாறு, அதே லேபில்.