கடை மிஷினில் வெள்ளோட்டம் விடலாமா?

உப்புக்காத்து (தங்கச்சிமடம்):
விண்டோஸ் 11 அடுத்த பதிப்போட முன்னோட்டத்தை, அதாவது வெளியாகுறதுக்கு முன்னாடி வர்ற சோதனைப் பதிப்பை, கடை மிஷின்லயே போடலாம்னு இருக்கேன். கடைன்னா பிரவுசிங் சென்டர்தான். பட்டா, ரேஷன் கார்டு, மீனவர் மனு, ஜெராக்ஸ். வீட்டுல ஒரு பழைய லேப்டாப் இருக்கு, ஆனா அதுல டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் இல்ல. முறைப்படி 11 ஏறாது.

சும்மா கிடக்கிற மிஷின்ல போட்டா ஸ்டார்ட் மெனு அழகா இருக்கான்னு மட்டும்தான் பாப்போம். தமிழ்க் கோளாறு வேலை பாக்கும்போதுதான் தெரியும். லதா எழுத்துரு விண்டோஸ் 2000 காலத்துலேருந்து கூடவே வந்தது. விண்டோஸ் 10-ல அதைக் கூடுதல் எழுத்துருன்னு தனியா ஒதுக்கிட்டாங்க, நாமதான் போய் இறக்கணும். இறக்காம பழைய மனுவைத் திறந்தா வேற எழுத்துரு வந்து உக்காரும். ஒரே பக்கத்துல நின்ன மனு வழிஞ்சு, "இப்படிக்கு" மட்டும் அடுத்த தாள்ல தனியா நிக்கும். மனு அடிக்கிறவன் கண்ணுக்குத்தான் இது படும். தமிழ்99 விசைப்பலகை 1999-ல முடிவாச்சு. விண்டோஸுக்குள்ள வந்தது 2019 மே மாசத்துல. இருபது வருசம்! வெளியாகுறதுக்கு முன்னாடியே நாம சொல்லலேன்னா யார் சொல்லுவா?

கிழக்குக்கரை சர்வீஸ் (கீழக்கரை):
தம்பி, உங்க ஆசை புரியுது. ஆனா இது வேணாம். முன்னோட்டப் பதிப்புக்குக் காலாவதித் தேதி உண்டு. அதுக்குள்ள அடுத்ததுக்கு மாறலேன்னா சில மணி நேரத்துக்கு ஒருக்கா தானா ரீஸ்டார்ட் ஆகும், கடைசியில விண்டோஸே திறக்காது. ஆரம்பக்கட்டப் பதிப்பு வர்ற சேனல்ல ஏறிட்டா பழைய நிலைக்கு வர்றதுக்குப் பெரும்பாலும் எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் போடணும்.

அதைவிடப் பெரிய விசயம் ஒண்ணு இருக்கு. முன்னோட்டம் வாங்குறதுக்கு மைக்ரோசாப்டோட இன்சைடர் திட்டத்துல சேரணும். சேர்ந்தா, மிஷினைப் பத்தின கூடுதல் கண்டறிதல் தகவலை அவங்களுக்கு அனுப்புற அமைப்பை ஆன்ல வச்சே ஆகணும். மிஷின் கிராஷ் ஆனா அந்த நேரத்துல மெமரியில இருந்ததும் அவங்களுக்குப் போகலாம், அதுல திறந்து வச்சிருக்கிற ஃபைலோட துண்டு இருக்கவும் வாய்ப்பிருக்கு. உங்க டெஸ்க்டாப்புல எத்தனை பேரோட ஆதார் ஸ்கேன் கிடக்கு? அந்தச் சனங்ககிட்ட கேட்டீங்களா?

உப்புக்காத்து:
காக்கா (அண்ணே), ஆதார் விசயம் நான் யோசிக்காதது. ஒத்துக்கிறேன். ஆனா பயந்து எல்லாரும் ஒதுங்கினா தமிழை யார் சோதிக்கிறது?

விசைப்படகுக்காரன் (மண்டபம்):
புதுப் படகு இறக்கினா முதல்ல வெள்ளோட்டம்தான் விடுவோம். வலை ஏத்த மாட்டோம், ஐஸ் ஏத்த மாட்டோம். மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு, கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்குள்ள ஒரு சுத்து. நீங்க முதல் நாளே ஊர்ச் சனத்தை ஏத்திக்கிட்டுப் போறேங்கிறீங்க.

உப்புக்காத்து:
அண்ணே, பாரம் ஏறினாத்தானே படகு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும்? வெறும் படகு அலுங்காமத்தான் நிக்கும்.

விசைப்படகுக்காரன்:
பாரம் வேணும்னா மணல் மூட்டை ஏத்துங்க. ஆளை ஏத்தாதீங்க.

தேரிக்காட்டு டீச்சர் (உச்சிப்புளி):
மணல் மூட்டைங்கிறது சரியான யோசனை. நான் தம்பி பக்கம்தான், சோதிக்கத்தான் வேணும். ஆனா சொன்னா மட்டும் போதாது. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது, 1809-ன்னு பேரு. சிலருக்கு டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்த ஃபைல்களே அழிஞ்சு போச்சு. சில நாள்ல நிறுத்தி வச்சாங்க. முன்னோட்டத்துல இருந்தவங்க சிலர் அதை முன்னாடியே மைக்ரோசாப்டுக்குக் குறை சொல்ற ஃபீட்பேக் ஹப்ல எழுதியிருந்தாங்க. அந்தப் பதிவுகளுக்கு ஆதரவு ஓட்டு குறைவா இருந்ததால கண்ணுல படாமப் போச்சு. ஃபைல் அழியிறதுக்கே அந்த கதின்னா, தனியா ஒருத்தர் எழுதுற "இப்படிக்கு வழியுது" எங்க போய் நிக்கும்? நீங்க எழுதுங்க, இணைப்பை இங்க போடுங்க. என் பிள்ளைங்க, சக ஆசிரியர்கள்னு முப்பது பேராவது ஓட்டுப் போடுவோம்.

கிழக்குக்கரை சர்வீஸ்:
டீச்சர், அந்த 2018 கதையைத்தான் நானும் சொல்ல வந்தேன், நேர் எதிர்ப்பக்கமா. முடிஞ்சதுன்னு வெளியிட்டதுலயே ஃபைல் போச்சே. முடியாததுல என்ன ஆகும்? போன மீன்பிடித் தடைக்காலத்துல பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருத்தர் ஏதோ ஒரு முன்னோட்ட ஓஎஸ் போட்டு, பிரிண்டர் டிரைவர் ஏறாம மிஷினை என்கிட்ட தூக்கிட்டு வந்தார். ரெண்டு நாள் கடை பூட்டு. அறுபத்தியொரு நாள் கடலுக்குப் போகாத வீட்டு ஆளுங்க, மனுவைக் கையில வச்சுக்கிட்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினாங்க. பேக்கப் இருந்திருந்தா ரெண்டு மணி நேர வேலை. எனக்கு அதை மறக்க முடியல.

உப்புக்காத்து:
சரி, இப்படிச் செய்றேன். தனியா ஒரு எஸ்எஸ்டி டிரைவ் வாங்கி, ராத்திரி கடை சாத்தினப்புறம் மட்டும் அதுல முன்னோட்டத்தை ஓட்டுறேன். மணல் மூட்டையா, இல்லாத ஆள் பேர்ல நாப்பது மனு அடிச்சு வைக்கிறேன். ஸ்ரீ, கௌ, ஞொ எல்லாம் வர்ற மாதிரி பேரு. வேர்டுல, எக்செல்ல, பிடிஎஃப்ல, அப்புறம் தாள்ல. அதே நாப்பதையும் முன்னோட்டத்தோட ஒவ்வொரு புது பில்டு (வெளியீடு) வரும்போதும் அடிச்சு, பழைய தாளோட வச்சுப் பாத்தா மாறினது உடனே தெரியும். டீச்சர், இணைப்பு வரும்.

கிழக்குக்கரை சர்வீஸ்:
பழைய டிரைவ் கேபிளோட கிடந்தா இன்ஸ்டால் பண்ணும்போது கை தவறி அதையே அழிச்சிருவீங்க, எத்தனையோ பேருக்கு ஆகியிருக்கு. ஆதார் இருக்கிற டிரைவைக் கழட்டி மேசை டிராயர்ல வைங்க. கழட்டி வச்ச படத்தை இங்க போடுற வரைக்கும் நான் எதிர்ப்புத்தான்.