பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி: பாலர் பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டியுள்ள பாலர் பள்ளியில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். சென்ற வாரம் ஒருநாள் காலையில் பள்ளியைத் திறந்தபோது, இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்த வாசல் விளக்கின் கீழே, என் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாலும் மறைக்க முடியாத அளவில் ஒரு செம்பழுப்பு நிறப் பூச்சி சுவரோடு ஒட்டியிருந்தது. பிள்ளைகள் அலறினார்கள், நான் அருகில் செல்வதற்குள் ஒரு பையன் துடைப்பத்தை எடுத்து வந்து அதை அடித்துவிட்டான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. லயத்து வீட்டில் நான் வளர்ந்தபோது, அதன் இறகுத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று என் பாட்டி சொல்லுவார்; அந்த அச்சம் என்னிடமிருந்தே இன்னும் முழுமையாக நீங்கவில்லை.

அதே பிள்ளைகள் மறுநாள் செம்பருத்திச் செடிக்கு வந்த வண்ணத்துப்பூச்சியைக் கண்டு கைதட்டி மகிழ்ந்தார்கள். ஒன்றை அடிக்கவும் மற்றொன்றைக் கொண்டாடவும் இவர்கள் எப்போது கற்றுக்கொண்டார்கள் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. இவ்விரண்டையும் ஒரே குடும்பத்துப் பூச்சிகளாக இவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது? எந்தப் புழுவைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? ஒரு பெற்றோர், சென்ற ஆண்டு தம் மகளுக்குப் புழு பட்டு உடலெல்லாம் தடித்துவிட்டதாக வருத்தத்துடன் கூறினார். சொற்களும் ஒரு சிக்கலாக இருக்கின்றன. பிள்ளைகள் எல்லாவற்றையும் மலாய்ச் சொல்லால் 'ராமா-ராமா' என்றே சொல்கிறார்கள். அந்துப்பூச்சி என்றால் அரிசி டின்னில் இருப்பது என்கிறார்கள்.

பதில்: இரண்டு பிள்ளைகளின் தாய், அதே ஊர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பறக்கும் பூச்சியிலிருந்து தொடங்காதீர்கள். கறிவேப்பிலைச் செடியிலிருந்து தொடங்குங்கள். நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் பின்புறத்தில் ஒரு கறிவேப்பிலையோ ஓர் எலுமிச்சையோ இருக்கும். அதன் இளந்தளிரில், கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று தனியாக ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் முட்டையாகும். மூன்று நான்கு நாளில் அதிலிருந்து புழு வெளிவரும். முதலில் அது பறவையின் எச்சம் போலவே கருப்பும் வெள்ளையுமாக இருக்கும். எச்சத்தைத் தின்ன எந்தக் குருவியும் வராது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்லும்வரை காத்திருங்கள்; நாம் முந்திச் சொல்லிவிட்டால் அந்தச் சுவை போய்விடும். நான்கு முறை தோலுரித்த பின் அதே புழு இலையின் பச்சைக்கு மாறிவிடும். அதை மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவடு போன்ற ஓர் உறுப்பு நீண்டு, கடுமையான வாடை வீசும். என் இளைய மகன் அதை 'நாக்கு' என்றான்; அது நாக்கு அன்று, எறும்பையும் சிலந்தியையும் விரட்டும் ஆயுதம் என்று சொன்னபின் அந்தப் புழுவின்மேல் அவனுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

வாயகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து, அதன் வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டுங்கள். அடியில் தாளை விரித்து, நாள்தோறும் எச்சத்தைத் தட்டிவிட்டுப் புதிய இலையை வையுங்கள். புழுவைக் கையால் பிடுங்க வேண்டாம், அது இருக்கும் இலையோடு மாற்றுங்கள். சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். மருந்து தெளித்த இலையைத் தின்ற என் முதல் நான்கு புழுக்களும் ஒரே இரவில் இறந்துபோயின. கூட்டுப்புழு ஆவதற்கு வசதியாக ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். அது இடுப்பில் ஒற்றை நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும் காட்சியைப் பார்த்தால், பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) ஏணி சாத்தி வெட்டிய காலத்து மனிதர்கள் எனக்கு நினைவுக்கு வருவார்கள். பச்சைத் தண்டில் கட்டியது பச்சையாகவும், காய்ந்த குச்சியில் கட்டியது பழுப்பாகவும் இருப்பது வழக்கம். ஆகவே இரண்டு புட்டிகளில் இரண்டு விதமாக வைத்துப் பார்க்கலாம்.

முட்டையிலிருந்து பறப்பதுவரை ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் முடிந்துவிடும் என்பதால் பிள்ளைகளின் ஆர்வம் குன்றாது. பறக்கத் தொடங்கியதும் அன்றே விட்டுவிடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தோட்டப் பணியாளர், தெலுக் இந்தான்

மகளே, புழு பட்டுத் தடித்த பிள்ளையைப் பற்றி எழுதியிருந்ததால் இதை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செம்பனையில் வேலை செய்தவன் நான். செம்பனை ஓலையின் அடிப்புறத்தில் இருக்கும், நத்தைபோல் நகரும், முதுகின் இருபக்கமும் முள்கொத்து வரிசையாக உள்ள பச்சைப் புழுவைப் பிள்ளைகள் தொடவே கூடாது. அதன் முள்ளில் நஞ்சு உண்டு. பட்ட இடம் நெருப்பாய் எரியும். உடலெல்லாம் மயிர் அடர்ந்த கம்பளிப்புழுவையும் அப்படியே விலக்குங்கள். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்தால் மயிரும் முள்ளும் அதோடு வந்துவிடும், பின்பு சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பனிக்கட்டி வைக்கலாம். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முள்ளும் மயிரும் உள்ளதைக் கண்ணால் மட்டும் பார், வழவழப்பானதை ஆசிரியையைக் கேட்டுவிட்டுத் தொடு என்ற ஒரே விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பல விதிகள் நிற்காது.

தொடக்கூடியவற்றில் மிக வியப்பானது நம் செம்பனையிலேயே இருக்கிறது. மலாயில் 'உலாட் புங்குஸ்' என்பார்கள், நாம் கூட்டுப்பை புழு என்போம். ஓலைத் துணுக்குகளைத் தன் பட்டுநூலால் தைத்து, ஒரு பை செய்து, அதற்குள் இருந்துகொண்டே தலையை மட்டும் நீட்டித் தின்னும். அதில் ஆண் சிறகு முளைத்து அந்துப்பூச்சியாகப் பறந்துபோகும். பெண்ணுக்குச் சிறகே முளைப்பதில்லை, அந்தப் பைக்குள்ளேயே முட்டையிட்டு அங்கேயே இறந்துவிடும். ஓலையை அரித்து மகசூலைக் கெடுப்பதால் தோட்டத்தில் இதற்குக் கெட்ட பெயர். அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை, அவர்களின் அப்பாக்கள் அதே ஓலையை வெட்டித்தான் சம்பளம் வாங்குகிறார்கள். மருந்து தெளித்த பகுதிக்கு மட்டும் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள். தோட்டத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டே போங்கள்.

தோட்டச் சாலையோரம் மஞ்சளும் வெள்ளையுமாக, காலையில் மட்டும் விரியும் பூச்செடிகளை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் எட்டு மணிப்பூ என்று பொருள்படும் பெயரால் அழைப்பார்கள். அது அழகுக்காக நட்டது அன்று. அந்தப் பூவின் தேனைக் குடிக்க வரும் சிறு குளவிகள், புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றைக் கொன்றுவிடும் என்பதற்காகத் தோட்டமே நட்டு வளர்க்கிறது. காலை எட்டரை மணிக்கு அங்கே பிள்ளைகளை நிறுத்தினால் வண்ணத்துப்பூச்சிகளும் கிடைக்கும்.

பதில்: தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர், கோப்பெங்

நீங்கள் விவரித்த அளவையும் நிறத்தையும் பார்த்தால் அது அட்லஸ் அந்துப்பூச்சியாகவே இருக்க வேண்டும். சிறகுகளை விரித்தால் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் இருக்கும். அதன் முன்சிறகு நுனியைப் பிள்ளைகளிடம் காட்டினால் 'பாம்பு' என்று கத்துவார்கள்; நாகத்தின் தலையைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோலவே இருக்கும். அதற்கு உண்ணும் வாய் இல்லை. கொய்யா, ரம்புத்தான் போன்ற மரங்களின் இலைகளைப் புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பைக்கொண்டே ஒன்றிரண்டு வாரம் உயிர்வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு இறந்துவிடும். கடிக்கவோ கொட்டவோ அதனால் இயலாது. இறகுத் தூள் பார்வையைப் பறிக்காது. அவை ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய நுண்ணிய செதில்கள், வண்ணத்துப்பூச்சியின் நிறமும் அதே செதில்களால் ஆனதுதான். கண்ணில் பட்டால் உறுத்தக்கூடும் என்பதால் கையைக் கழுவச் சொன்னால் போதும். பாட்டிமார் சொன்னதைப் பொய் என்று பிள்ளைகளிடம் சொல்லத் தேவையில்லை என்பது என் கருத்து. இரவில் வீட்டுக்குள் வரும் பெரிய அந்துப்பூச்சியை மறைந்த முன்னோராக எண்ணி அடிக்காமல் விடும் சீனக் குடும்பங்களும் நம் அண்டையில் உண்டு. அந்த வழக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொற்களைப் பொறுத்தவரை, அந்துப்பூச்சி என்ற சொல்லையே பழக்குங்கள். அரிசியில் பறப்பதும் அதன் சிறிய உறவுதான் என்று சொன்னால் பிள்ளைகள் கூறியது தவறாகாது, அவர்களின் அறிவு விரியும். உலகில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 18,000, அந்துப்பூச்சி இனங்களோ ஏறத்தாழ 160,000. ஆகவே நாம் கொண்டாடும் கூட்டம்தான் சிறியது. இரண்டையும் பிரித்தறிய நிறத்தைப் பார்க்கச் சொல்லாதீர்கள், பகலில் பறக்கும் வண்ணமயமான அந்துப்பூச்சிகளும் உண்டு. உணர்கொம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்: வண்ணத்துப்பூச்சிக்கு அது தீக்குச்சிபோல் முனையில் தடித்திருக்கும், அந்துப்பூச்சிக்கு இறகுபோலவோ வெறும் நூல்போலவோ இருக்கும்.

பெற்றோர் துணையுடன் ஒருநாள் இரவு ஏழரை மணிக்குப் பள்ளித் திடலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு, அதன்மேல் விளக்கைக் காட்டுங்கள். 'விளக்கில் விழுந்த விட்டில்' என்று ஆசைக்கு உவமையாகச் சொல்லி வருகிறோம். 2024-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அதிவேகப் படக்கருவிகளால் பதிவுசெய்து, விட்டிலுக்கு விளக்கின்மேல் ஆசை இல்லை என்று காட்டியது. இரவில் தரையைவிட வானமே வெளிச்சமாக இருப்பதால், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறந்தால் நேராகப் பறக்கலாம் என்பது பல பூச்சிகளின் இயல்பு. அருகில் விளக்கு எரிந்தால் அதற்கு முதுகைக் காட்டிக் காட்டிச் சுற்றிலேயே சிக்கிக்கொள்கின்றன. எனவே அரை மணி நேரத்தில் விளக்கை அணைத்து, அவற்றைப் போகவிடுங்கள்.

வாய்ப்பு அமைந்தால் எங்கள் பக்கம் உலு கெரோவுக்கு அழைத்து வாருங்கள். ஈரமண்ணில் உப்பை உறிஞ்ச ஆண் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிகள் கருஞ்சிறகில் பச்சை மின்ன வந்து அமரும். அங்குள்ள செமாய்ப் பூர்வகுடி மக்களே வழிகாட்டுவார்கள். 1855-இல் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக அதற்குப் பெயரிட்டார். பாதுகாக்கப்பட்ட இனம் என்பதால் பிடிக்கக் கூடாது.

கேள்வி கேட்ட ஆசிரியை, மூன்று வாரம் கழித்து

மூவருக்கும் நன்றி. பள்ளிக் கறிவேப்பிலையில் ஐந்து புழுக்கள் கிடைத்தன. ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் அவற்றை வரைந்தார்கள். ஆனால், கூட்டுப்புழுவாகி அசையாமல் இருந்த ஒன்றில் நேற்று ஒரு துளை விழுந்து, அதிலிருந்து கருநிறக் குளவிகள் பல வெளியேறின. ஒரு சிறுமி தேம்பி அழுதாள். இன்னொரு கூடு இன்று மதியம் கறுத்துவிட்டது. அதையும் இழந்துவிட்டோமோ என்று அஞ்சுகிறேன். பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற தோட்டப் பணியாளர், தெலுக் இந்தான்

நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், மகளே. நான் முன்பு எழுதிய எட்டு மணிப்பூவுக்கு வருவது போன்ற குளவிகள்தாம் அவை. புழு செடியில் இருந்தபோதே தாய்க்குளவி அதில் முட்டையிட்டிருக்கும்; உங்கள் புட்டியின் தவறு அன்று. அந்தச் சிறுமியின் அழுகையை உடனே அடக்காதீர்கள். பூச்சி செத்தது, குளவி பிறந்தது என்ற இரண்டையும் அவள் வரையட்டும். இவை இல்லையென்றால் புழுக்கள் பெருகி ஓலையில் ஈர்க்கு மட்டுமே மிஞ்சும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளை அறிந்திருப்பது நல்லது.

பதில்: இரண்டு பிள்ளைகளின் தாய், அதே ஊர்

கறுத்த கூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அம்மா. தோலின் வழியே மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது சாகவில்லை, சிறகின் நிறம் தெரிகிறது என்று பொருள். பெரும்பாலும் மறுநாள் காலையிலேயே வெளிவரும்; ஆதலால் நாளை பள்ளியை வழக்கத்தைவிட முன்னதாகத் திறந்து, அருகில் வீடுள்ள பிள்ளைகளை வரச் சொல்லுங்கள். வெளிவந்ததும் சிறகு சுருங்கி ஈரமாக இருக்கும். அது ஏறித் தொங்கக் குச்சி வேண்டும், ஒருவரும் தொட்டு உதவக் கூடாது. உறிஞ்சுகுழல் இரண்டு பாதியாக இருப்பதை அது சுருட்டிச் சுருட்டி ஒன்றாக்கும். அதைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சற்று நேரத்தில் கலங்கிய நீர்த்துளி ஒன்று விழும், இரத்தம் என்று பிள்ளைகள் பயந்தால் அது கூட்டுக்குள் சேர்ந்த கழிவு என்று சொல்லுங்கள். ஓரிரு மணி நேரத்தில் சிறகு உலர்ந்துவிடும். மழை பெய்தால் மட்டும் நிற்கும்வரை உள்ளே வைத்திருங்கள்.