சென்னை ஏரிகளின் நீர் இருப்பு: அன்றாட அட்டவணையிலிருந்து வரைபடம் செய்வது பற்றி

செங்குன்றத்தான்:
வணக்கம். நாங்கள் சில நிரலாளர்கள் வார இறுதிகளில் கூடி, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் இருப்பைத் தமிழில் காட்டும் ஒரு பக்கத்தை ஊதியமின்றி உருவாக்கி வருகிறோம். குடிநீர் வாரியத்தின் தளத்தில் நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு, சென்ற ஆண்டு இதே நாளின் இருப்பு எல்லாம் நாள்வாரி அட்டவணையாக உள்ளன. அவற்றை ஒரு சிறு நிரலால் ஸ்க்ரேப் செய்து (பக்கத்திலிருந்து தானாக எடுத்து), பல ஆண்டுகளின் போக்கை ஒரே கோட்டில் காட்ட விரும்புகிறோம். மொத்த இருப்பை விழுக்காடாகக் கொடுப்பது சரியா? விடுபட்ட நாட்களை எப்படி நிரப்புவது? ஏரி நிரம்பும் நேரத்தில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதியையும் சேர்க்கலாமா?

கணக்கன்:
விழுக்காட்டில்தான் முதல் சிக்கல் வரும். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 என நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தின் 500-ஐச் சேர்த்தால் 11,757; கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியையும் சேர்த்தால் 13,222. கையில் 5,000 மில்லியன் கன அடி இருந்தால், வகுக்கும் எண்ணைப் பொறுத்து அது 44 விழுக்காடாகவும் ஆகும், 38 விழுக்காடாகவும் ஆகும். 2019 வறட்சியை இன்றைய நிலையோடு ஒப்பிடும் வரைபடத்தில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், ஏரியில் நடக்காத ஏற்ற இறக்கம் கோட்டில் தெரியும். இருப்பை அளவாகவே காட்டுங்கள். விழுக்காடு வேண்டுமென்றால் ஏரிவாரியாக மட்டும் போடுங்கள்.

நீர்மட்டத்திலும் கவனம் தேவை. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி என்று நாளிதழ்கள் எழுதும்; வாரியத்தின் அட்டவணையோ 85.40 அடி என்று காட்டும், ஏனெனில் அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். இரண்டும் சரிதான், ஆனால் அட்டவணையின் ஒரே பத்தியில் கலந்துவிடக் கூடாது.

அடையாற்றங்கரை:
எச்சரிக்கை வசதியைத் தயவுசெய்து கைவிடுங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறக்கப்பட்ட நீர் வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி வரை உயர்ந்தது. அத்தகைய நாளில் மணிக்கு மணி மாறும் நிலையை, ஒரு நாளைக்கு ஒரு வரி கொண்ட அட்டவணையால் பிடிக்கவே முடியாது. காலையில் பதிவான எண்ணைப் பார்த்து உங்கள் பக்கம் ‘ஆபத்தில்லை’ என்று சொல்ல, அதை நம்பி ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் யார் பொறுப்பு? மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புக்கு ஓர் இணைப்பைப் பெரிய எழுத்தில் கொடுங்கள், அது போதும்.

விடுபட்ட நாட்களை நிரப்ப வேண்டாம். வரைபடக் கோட்டை அந்த இடத்தில் அறுத்து விடுங்கள். முந்தைய நாளின் எண்ணை இழுத்துப் போட்டால், பெருமழை நாளில் ஏரி அசையாமல் நின்றதாகப் படிப்பவர் நினைப்பார்.

செங்குன்றத்தான்:
இருவருக்கும் நன்றி. எச்சரிக்கையை நீக்கிவிடுகிறோம். அனுமதி பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூலப்பிரதி:
இந்திய அரசின் தரவுத் தளமான டேட்டா.கவ்.இன்-இல் வெளியாகும் தரவுகளுக்கு 2017-இல் அறிவிக்கப்பட்ட அரசுத் திறந்த தரவு உரிமம் உண்டு. மூலத்தைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும்கூடப் பயன்படுத்தலாம். பிற அரசுத் தளங்களின் பக்கங்களுக்கு அந்த உரிமம் தானாகவே பொருந்தாது. ஆகவே தளத்தின் பதிப்புரிமைக் குறிப்பைப் படித்துவிட்டு, நீங்கள் செய்வதை விளக்கி வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கேட்காமலே தகவல்களை வெளியிட வேண்டும் என்பதோடு உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. தமிழ்ப் பக்கம் என்பதால் கடிதத்தில் அதைச் சுட்டிக்காட்டுவது பொருத்தம். தளத்துக்குச் சுமை ஏறாதபடி நிரலை நாளுக்கு ஒரு முறை ஓட்டினால் போதும்.

இன்னொன்று, என் பார்வையில் இதுவே முக்கியம்: எடுக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்த நேரத்தோடு அப்படியே சேமித்து வையுங்கள். கோவிட்19இந்தியா குழுவின் தன்னார்வலர்கள் மாநிலங்களின் அறிக்கைகளிலிருந்து கொரோனா தொற்று எண்களைத் தொகுத்து, 2021 அக்டோபர் 31-உடன் பணியை நிறுத்தினார்கள். தரவும் நிரலும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்து கிடந்ததால் ஆய்வாளர்கள் பின்னரும் பயன்படுத்த முடிந்தது. உங்கள் குழுவினரும் ஒருநாள் வேறு வேலைகளுக்குப் போவார்கள். எனவே வரைபடத்தை மெருகேற்றும் முன், தரவு அடங்கிய சிஎஸ்வி கோப்பையும் (எளிய அட்டவணைக் கோப்பு) அதன் ஒவ்வொரு பத்தியின் பொருளையும் அலகையும் விளக்கும் குறிப்பையும் பொதுவில் வையுங்கள். கணக்கன் சொன்ன 85.40 அந்தக் குறிப்பின் முதல் வரியாக இருக்கட்டும்.