விடுதி வைஃபையும் என் பிரிண்டரும்

வீட்டில் இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடிய பிரிண்டர் அது. கல்லூரியில் சேர்ந்ததும் விடுதி அறைக்குத் தூக்கி வந்தேன். வைஃபையில் சேர்க்கப் போனால், பட்டியலில் விடுதி நெட்வொர்க்கின் பெயர் தெரிகிறது. தொட்டால் பாஸ்வேர்டு மட்டும் கேட்கிறது. எங்களுக்கோ மாணவர் எண், பாஸ்வேர்டு இரண்டும் வேண்டும். அந்தச் சின்னத் திரையில் எண்ணைப் போட இடமே கிடையாது.

டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஃபேக்டரி ரீசெட் செய்தேன். மூன்று இரவு இப்படியே போயிற்று. லேப் ரெக்கார்டு வைக்கும் நாள் நெருங்கியது, கையில் ஒரு தாள்கூட இல்லை. பிரிண்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

நெட்வொர்க் அறையில் இருந்த அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "கான்ஃபிகரேஷன் பேஜ் எடுத்தியாப்பா?" பிரிண்டரின் மெனுவிலிருந்தே எடுக்கும் தாள் அது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஐபி முகவரிக்கு (நெட்வொர்க் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) நேரே 0.0.0.0 என்று இருந்தது. அதாவது, பிரிண்டர் நெட்வொர்க்குக்குள் நுழையவே இல்லை.

விடுதியில் இருப்பது எண்டர்பிரைஸ் வகை வைஃபை, ஒவ்வொருவருக்கும் தனி லாகின். வீட்டுக்கென்று செய்த பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பாஸ்வேர்டு உள்ள பர்சனல் வகைதான் தெரியும். அண்ணா அந்தத் தாளில் இருந்த மேக் முகவரியை, அதாவது பிரிண்டருக்கே உரிய அடையாள எண்ணை, பதிவு செய்து, டிவி, பிரிண்டர் போன்றவற்றுக்கென்று இருந்த இன்னொரு நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டார். நீல விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் லேப்டாப்பில் அப்போதும் 'ஆஃப்லைன்' என்றே காட்டியது. அங்கே ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேரடியாகப் பேச முடியாதபடி தடுத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் லேப்டாப்பில் வைரஸ் வந்தால் நூறு அறைக்குப் பரவக் கூடாதே! அதைத் தளர்த்த முடியாது என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

கடைசியில் கை கொடுத்தது வைஃபை டைரக்ட். பிரிண்டர் தானே ஒரு சின்ன வைஃபையைப் பரப்பும், பெயர் 'டைரக்ட்' என்று ஆரம்பிக்கும். லேப்டாப்பை அதில் இணைத்துப் பிரிண்ட் கொடுத்தால் போதும், விடுதி நெட்வொர்க்கே தேவையில்லை. என் லேப்டாப்பில் அந்த நேரம் இன்டர்நெட் போய்விடும். அதனால் பிடிஎஃப்பை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்வேன். ரெக்கார்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

* * *

எனக்கும் விடுதியில் இதே பிரச்சினைதான், ஆனால் என்னுடையது வைஃபை டைரக்ட் இல்லாத பழைய மாடல். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இணைத்துக்கொண்டேன். முதலில் ஹாட்ஸ்பாட்டின் பெயரே பிரிண்டரில் தெரியவில்லை. போன் 5 கிகாஹெர்ட்ஸில் பரப்பிக்கொண்டிருந்தது, என் பிரிண்டர் 2.4 மட்டும்தான் எடுக்கும். செட்டிங்ஸில் மாற்றியதும் உடனே வந்துவிட்டது. லேப்டாப்பையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்க்க மறக்காதீர்கள்.

* * *

தம்பி, அந்த அண்ணாவிடம் கேட்டது நல்ல காரியம். எங்கள் மாடியில் ஒருவன் யாரிடமும் கேட்காமல், பிரிண்டருக்காகச் சொந்த ரவுட்டர் வாங்கி வந்தான். சுவரில் இருந்து வந்த கேபிளை, வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில் செருகாமல், நம் கருவிகளை இணைக்கும் லான் (LAN) போர்ட்டில் செருகிவிட்டான். அவ்வளவுதான், விடுதி நெட்வொர்க் கொடுக்க வேண்டிய ஐபி முகவரிக்குப் பதிலாக, அவனுடைய ரவுட்டர் மாடி முழுக்க 192.168 என்று தொடங்கும் முகவரியைக் கொடுக்க ஆரம்பித்தது. அறைக்கு அறை இன்டர்நெட் போயிற்று. மறுநாள் பரீட்சை வேறு, ஆன்லைனில் இருந்த நோட்ஸ் எதையும் யாராலும் திறக்க முடியவில்லை. நள்ளிரவு வரை ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் கண்டுபிடித்தார்கள். பாவம், அவனுக்கே விஷயம் தெரியாது. ரவுட்டரைப் பெட்டியில் போட்டுவிட்டான். இப்போது இரண்டு மீட்டர் யூஎஸ்பி கேபிளில் அவன் பிரிண்டர் ஓடுகிறது. நாங்களும் அங்கேதான் பிரிண்ட் எடுக்கிறோம்.